மூன்று தட்டு, ஒரு இருமல்

எங்கள் அறைக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதை எழுதியவன் நான். எனக்கு எழுத்து வந்ததே முப்பத்தெட்டு வயதில், இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான். அறையில் என்னோடு இருந்தவன், வாய் ஓயாமல் பேசியே ரேடியோ என்று பெயர் வாங்கியவன், சலவை ஆலையில் மூட்டைகளுக்குக் கட்டுகிற அட்டையின் முதுகில் எழுதிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தான். ஒரு வருடம் ஆயிற்று. யாரையும் கேட்காமல் நானாக முழுசாக எழுதிய முதல் காகிதம் அந்தக் கதவுத் தாள்தான்.

அதில் இருந்தது இவ்வளவுதான். வெளியே போனவன் திரும்பி வந்தால் மூன்று முறை தட்டி ஒரு முறை இரும வேண்டும். அதைக் கேட்டால் மட்டும் உள்ளே இருப்பவன் தாழ்ப்பாளை எடுக்கலாம். வேறு மாதிரி யாராவது தட்டினால் விளக்கை அணைத்து, போனைச் சத்தமில்லாமல் ஆக்கித் தலையணைக்கு அடியில் வைத்து, நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தேன். தமிழில் கூப்பிட்டால் கண்டிப்பாகத் திறக்கக் கூடாது.

அந்தக் கடைசி வரி சும்மா வந்ததில்லை. முன்பு எங்களோடு ஒரு பெயின்டர் இருந்தார். ஒரு நாள் நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம், அதிகாரிகள் தமிழ் பேசுகிற ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். "அண்ணே, கீழ் வீட்டுக்குத் தண்ணி ஒழுகுது, கொஞ்சம் திறங்க" என்று அந்த ஆள் கூப்பிட்டதை மாடிப்படியில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஊர்க்குரலைக் கேட்டதும் மனுஷன் திறந்துவிட்டார். நாங்கள் வந்தபோது அடுப்பில் சோறு அடிப்பிடித்துக் கிடந்தது. பெயின்டர் இல்லை. பிரஷ் மட்டும் டப்பாவில் ஊறிக்கொண்டிருந்தது. அன்றைக்கே அறையை மாற்றினோம். புது அறைக் கதவில் தாள் ஏறியது.

அத்தான் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. என் அக்காளின் வீட்டுக்காரர். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தைந்து வருடம் மைக் செட் வாடகைக்கு விட்டவர். பெரிய பெரிய பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று வலது காது பாதி போயிருந்தது. அப்புறம் தொழிலும் போயிற்று. ஒரு மாதம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிற விசாவில் அவரை வரவழைத்தேன். வந்த மறுநாளே ஆலையில் என்னோடு சேர்த்துவிட்டேன். அது தப்பு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். என் விசா முடிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ரேடியோவுக்கு அதற்கும் மேலே.

அறைக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கதவுத் தாளைத்தான் படித்தார்.

"யாருடா எழுதினது? கோழி கிளறின மாதிரி இருக்கு."

"நான்தான் அத்தான்."

திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடி தாளிடம் போய், இந்தத் தடவை மெதுவாகப் படித்தார். "பரவாயில்ல, நல்லாத்தான் எழுதியிருக்க. அதென்ன, மூணு தட்டு ஒரு இருமல்? மைக் டெஸ்டிங் மாதிரி இருக்கு. இருபத்தஞ்சு வருஷமா நான் அதைத்தானே பண்ணிட்டிருந்தேன்."

ரேடியோ பாயில் படுத்தபடியே சொன்னான். "அப்ப உங்களுக்கு ட்ரெய்னிங்கே வேணாம்ணே. நேரா மேடையேறிடலாம்."

"அது சரி. எனக்குத்தான் முப்பது நாள் விசா இருக்கே, நான் யாருக்குப் பயப்படணும்? வந்தா வாங்கய்யா, உக்காருங்கன்னு பாஸ்போர்ட்டைக் காட்டிட்டுப் போறேன்."

"உங்களுக்காக இல்ல அத்தான். கதவைத் திறந்தா உள்ள மூணு பேர் பாய் கிடக்கும், மூணு பேர் துணி தொங்கும். மத்தது யாருதுன்னு கேப்பாங்க. நாங்க வர்ற வரைக்கும் படியிலயே உக்காந்திருப்பாங்க."

அதற்கு மேல் அவர் கேலி பேசவில்லை. பையைச் சுவரோரம் வைத்தார். "சரி மாப்ளே. உனக்காகன்னா சரி" என்றார்.

அக்கா தினமும் காலையில், நாங்கள் வேலை முடிந்து வந்ததும், போன் பண்ணுவாள். அவரிடம் இரண்டு வார்த்தை, என்னிடம் இருபது வார்த்தை. "அவரு வெள்ளந்திடா. எவன் வான்னு கூப்பிட்டாலும் பின்னாலேயே போயிடுவாரு. புது இடம். நீதான் பத்திரமா பாத்துக்கணும்."

"கண்ணுக்குள்ள வச்சிருக்கேன் அக்கா."

"கண்ணுக்குள்ள வேணாம், உறுத்தும். பக்கத்துல வச்சிரு போதும்."

பக்கத்திலேயேதான் வைத்திருந்தேன். ஆலையில் நாங்கள் வேலை பார்த்தது விரிப்புத் தேய்க்கும் உருளையில். தங்கும் விடுதிகளிலிருந்து வரும் கட்டில் விரிப்புகள் துவைத்துப் பிழிந்து ஈரமாக வண்டியில் வரும். அந்தப் பக்கம் இரண்டு பேர் மூலையைப் பிடித்துச் சூட்டு உருளைக்குள் கொடுப்பார்கள். இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர் சூடாக வாங்கி, எதிரெதிரே நின்று, நெருங்கி வந்து மூலையோடு மூலை சேர்த்து, விலகி, மறுபடி நெருங்கி மடிக்க வேண்டும். நிமிடத்துக்கு நான்கு விரிப்பு. அத்தானுக்கு முதல் வாரம் விரல் நுனியெல்லாம் கொப்புளம். இரண்டாவது வாரம் பழகிவிட்டார். ஒவ்வொரு முறை மூலை சேர்க்கும்போதும் என் முகத்துக்கு நேரே வந்து ஒரு வார்த்தை சொல்வார். அப்புறம் விலகுவார். ஒரு கதை சொல்லி முடிக்க அறுபது விரிப்பு ஆகும். "இப்படி ஒரு ஆளை நெருங்கி நெருங்கி நான் உங்க அக்காவைக்கூடப் பாத்ததில்ல மாப்ளே" என்பார்.

ஒரு நாள் அவரைச் சோதித்துப் பார்த்தேன். கடைக்குப் போவதாகச் சொல்லி இறங்கிப் போய், திரும்பி வந்து, கதவை ஐந்தாறு முறை தடதடவென்று தட்டி, குரலை மாற்றி, "ஐயா, உள்ள யாருங்க? தீப்பிடிச்சிருக்குங்க, சீக்கிரம் வாங்க" என்றேன். உள்ளே விளக்கு அணைந்தது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று தட்டி இருமினேன். அப்போதும் திறக்கவில்லை. இன்னொரு தடவை இருமினேன். கதவுக்குப் பின்னாலிருந்து மெதுவாக, "அந்த இருமல் இல்ல. உன் சொந்த இருமலை இருமு" என்றார். இருமினேன். திறந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"பாஸா?"

"பாஸ் அத்தான். நூத்துக்கு நூறு."

எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் வந்து இருபதாவது நாள் குளிர் தொடங்கியது. கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு பழைய கொதிகலன் உண்டு. வெந்நீருக்கும் அறைச் சூட்டுக்கும் அதுதான். அதை ஏற்றினார்கள். சுவரோரம் ஓடிய குழாய்கள் கடகடவென்று முனகிச் சூடாயின. நாங்கள் மூன்று பேரும் குழாயில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஜன்னல் இடுக்குகளில் ரேடியோ பழைய துணியைத் திணித்தான்.

மறுநாளிலிருந்து எங்களுக்குத் தலைவலி. எனக்கும் ரேடியோவுக்கும் லேசாக. அத்தானுக்குப் பலமாக. ஆலையில் வெளுப்பதற்கு ஊற்றுகிற மருந்தின் நெடி என்று நினைத்தோம். ஆனால் அத்தான் ஒன்று சொன்னார். "விசித்திரமா இருக்கு மாப்ளே. ஆலைக்குப் போனா விட்டுடுது. ரூமுக்கு வந்து படுத்தா புடிச்சிக்குது. வேலைக்குப் போனா குணமாகுற வியாதி உலகத்துலயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் வந்திருக்கும்."

"மேஸ்திரிகிட்ட சொல்லாதீங்கண்ணே, ரெண்டு ஷிப்டு போட்டுடுவான்" என்றான் ரேடியோ. மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் சொன்னதில்தான் எல்லாமே இருந்தது. எங்களுக்கு அது ஜோக்காகப் பட்டது.

மூன்றாம் நாள் காலை வேலை முடிந்து வந்து படுத்தோம். ரேடியோ பகல் வேலை ஒன்று கிடைத்துப் போயிருந்தான். பத்தரை மணிக்கு அத்தான் வாந்தி எடுத்தார். முகம் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரி என்ற வார்த்தை எங்கள் அறையில் கிடையாது. போனால் இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி அட்டை கேட்பார்கள். யாரோடு தங்கியிருக்கிறாய் என்று கேட்பார்கள்.

"மாத்திரை வாங்கிட்டு வர்றேன் அத்தான். தாழ்ப்பாள் போட்டுக்குங்க."

"போயிட்டு வா. வரும்போது உன் இருமலை மறந்துட்டு வந்துடாதே."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

மருந்துக்கடை பெரிய தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிடம். ஆனால் அந்தத் தெருமுனையில் சில நாட்கள் அட்டை சோதிப்பார்கள். அதனால் நான்கு வருடமாக நான் அந்தப் பக்கம் போனதில்லை. லாரிகள் நிற்கும் மைதானத்தைச் சுற்றி, குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும் சந்தில் நுழைந்து போனால் இருபத்தைந்து நிமிடம். போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து. வெளிக்காற்று பட்டதும் என் தலைவலி விட்டுவிட்டது. நடந்தால் நல்லது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது கட்டடத்துக்கு முன்னால் இரண்டு தீயணைப்பு வண்டியும் ஒரு ஆம்புலன்ஸும் நின்றன. குறுக்கே நாடா கட்டியிருந்தார்கள். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. அதனால் முதலில் ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் மாடியில் இருந்த குடும்பத்தை, அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், முகத்தில் காற்றுக் குழாய் மாட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு தெருவில் நின்றார்கள். நான் எதிர்ப்பக்கம், மூடிக்கிடந்த ஒரு கடையின் படியில், கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். நாடாவுக்கு இந்தப் பக்கம் ஒரு இளவயசுப் போலீஸ்காரர் கையில் சின்னப் புத்தகம் வைத்துக்கொண்டு வெளியே வந்தவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். நான் வேறு எதையும் பார்க்கவில்லை. அந்தப் புத்தகத்தைத்தான் பார்த்தேன்.

அப்போது கட்டடத்துக்குள்ளிருந்து முனைக்கடையில் பில் போடுகிற அம்மா வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். தமிழ் பேசுகிறவர். அவர் கடையில்தான் அரிசி வாங்குவோம். எடை போடும்போது ஏதாவது பேச்சுக் கொடுப்பார், நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். என்னைப் பார்த்ததும் நேரே என்னிடம் வந்தார். மூச்சு வாங்கியது.

"தம்பி, கொதிகலன் புகைக்குழாய் விரிசல் விட்டு விஷவாயு மேல ஏறியிருக்காம். வாசனையே தெரியாதாம். தலைவலி வந்து தூங்கினாப்பல போயிடுவாங்களாம். ஒவ்வொரு வீடா தட்டினாங்க. நாலாம் மாடி பின்பக்கம் நம்ம ஆளுங்க யாரோ இருக்காங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம், அதான் கூடப் போனேன். தமிழ்லயே நாலு தடவை கூப்பிட்டேன். வெளிய வாங்க, விஷவாயுன்னு கத்தினேன். சத்தமே இல்ல." என் கையில் இருந்த மாத்திரைப் பையைப் பார்த்தார். "நீ அந்த ரூம்தானே?"

போலீஸ்காரர் நான்கு அடி தள்ளி நின்றார்.

"இல்லீங்க" என்றேன்.

"இல்லையா?"

"நான் வேற தெருங்க."

"அப்ப அங்க யாரு இருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

அவர் என்னையே இரண்டு விநாடி பார்த்தார். அப்புறம் தீயணைப்புக்காரரிடம் போனார். எங்களுக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த, கட்டடத்துச் சாவிக்காரனும் அங்கேதான் இருந்தான். சொந்தக்காரருக்குத் தெரியாமல் விட்டவன். அவன் அந்த நாட்டுப் பாஷையில் கையை ஆட்டிச் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குத் தெரிந்த கொஞ்ச வார்த்தைகளில் அந்த இரண்டும் இருந்தன. காலி. பழைய சாமான். தீயணைப்புக்காரர் தன் பட்டியலில் ஒரு கோடு போட்டார்.

நான் போனை எடுத்தேன். பதினொன்று நாற்பத்து மூன்று. அத்தானைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். அடிக்கிற போன் தலையணைக்கு அடியில் சத்தமில்லாமல் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் எழுதினபடிதான் கிடக்கும். தெரிந்தும் கூப்பிட்டேன்.

அப்புறம் மனசு என்னென்னவோ சமாதானம் சொல்லியது. அவருக்கு வலது காது கேட்காது, இந்த அம்மா கூப்பிட்டது விழுந்திருக்காது, தூங்குகிறார். இல்லை, என்னைத் தேடி இறங்கிப் போயிருப்பார், ஆலைப் பின்வாசலில் நிற்பார். இல்லை, நாலாம் மாடி வரைக்கும் வாயு ஏறியிருக்காது, நான் அங்கேதானே இருந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே. கீழே பெரிய காற்றாடி வைத்து ஊதுகிறார்களே, எல்லாம் போய்விடும். இவர்கள் கிளம்பட்டும், ஐந்து நிமிடத்தில் மேலே ஓடிவிடலாம், மூன்று தட்டி இருமினால் திறந்துவிடுவார். கூட்டத்தைச் சுற்றிப் பின்பக்கப் படிக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் நாடா. ஒரு தீயணைப்புக்காரர் என் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். கோபமாகக்கூட இல்லை.

மறுபடி கடைப்படிக்கு வந்தேன். ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறேன். கடைசியாகக் கூப்பிட்டது பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு. போனில் அப்படியே இருக்கிறது, ஒன்றின் கீழ் ஒன்றாக.

தீயணைப்புக்காரர்கள் காற்றாடியை நிறுத்தி வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கால் நகர்ந்தது. பில் போடுகிற அம்மாவிடம் போனேன்.

"அம்மா. நான் பொய் சொல்லிட்டேன். நான் அந்த ரூம்தான். உள்ள எங்க அத்தான் இருக்கார்."

திட்டுவார் என்று நினைத்தேன். நாடாவுக்கு அடியில் குனிந்து ஓடினார். அவர் அந்தப் பாஷையில் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. நான்கு பேர் முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நானும் ஓடினேன். இளவயசுப் போலீஸ்காரர் என்னை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க. நான் தட்டினா திறப்பாரு. நான் தட்டணும். அவங்க தட்டினா திறக்க மாட்டாரு" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு எப்படிப் புரியும்? குழந்தையைச் சமாதானம் பண்ணுவதுபோல ஏதோ சொல்லிக்கொண்டே இறுக்கிப் பிடித்திருந்தார். மேலே கோடாலிச் சத்தம் கேட்டது. எண்ணிப் பார்த்தேன். பதினொரு அடி.

அத்தானைத் தூக்கிக்கொண்டு வந்தபோது முதலில் தெரிந்தது அவருடைய காலணிதான். பழுப்பு நிற ஷூ. இங்கே வருவதற்கென்று அக்கா வாங்கிக் கொடுத்தது. அறைக்குள் அதை ஒரு நாளும் அவர் போட்டதில்லை. இரண்டு ஷூவிலும் கயிறு கட்டியிருந்தது, அதுவும் இரட்டை முடிச்சு. சட்டை மேல் ஸ்வெட்டர், பட்டன் எல்லாம் போட்டிருந்தார். பாஸ்போர்ட் பை கழுத்தில் தொங்கியது.

அவர் படுக்கையில் இல்லை என்று அப்புறம் சொன்னார்கள். கதவுக்கு முட்டுக் கொடுத்த நாற்காலியில், கதவில் சாய்ந்து, இடது காதைக் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாராம். கேட்கிற காது அதுதான்.

போலீஸ்காரர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அத்தானின் பெயர், வயசு கேட்டு எழுதினார். என் பெயரைக் கேட்டார், சொன்னேன். எழுதிக்கொண்டார். அட்டை கேட்கவில்லை. என்னை ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்றாம் மாடிக் குடும்பமும் அங்கே இருந்தது. அந்த அப்பாவை இரண்டு வருடமாக மாடிப்படியில் பார்த்திருக்கிறேன். நான் அவருக்குப் பயந்து ஒதுங்குவேன், அவர் எனக்குப் பயந்து ஒதுங்குவார். அன்றைக்குத்தான் தெரிந்தது, அவர்களுக்கும் அட்டை கிடையாது. நால்வரும் பிழைத்துக்கொண்டார்கள். தட்டியதும் அவர்களுடைய சின்னப் பெண் கதவைத் திறந்துவிட்டாளாம்.

அத்தான் கண் திறக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, அக்கா போன் பண்ணுகிற நேரத்தில், போய்விட்டார். மொழிபெயர்க்கிறவர் வழியாக டாக்டரிடம் ஒன்று கேட்டேன். கால் மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால்? டாக்டர் சொல்ல முடியாது என்றார். பிழைத்திருப்பார் என்றோ பிழைத்திருக்க மாட்டார் என்றோ ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அவருடைய பாஸ்போர்ட்டை என்னிடம் காட்டி உறுதி பண்ணிக்கொண்டார்கள். விசாவில் இன்னும் எட்டு நாள் இருந்தது. அவர் யாருக்கு வேண்டுமானாலும் கதவைத் திறந்திருக்கலாம்.

நான் நான்கு வருடமாகப் பயந்த விஷயம் வராமல் போகவில்லை. மூன்றாம் நாள் இரண்டு அதிகாரிகள் வந்து மரியாதையாக விசாரித்து மரியாதையாக அழைத்துப் போனார்கள். ரேடியோ வாயு கசிந்த அன்று மத்தியானமே போனை அணைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டான். தாளில் அப்படி எழுதவில்லை என்றாலும், நான் அவன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அத்தான் பெட்டியில் ஊருக்குப் போகிற விமானத்துக்கு இரண்டு நாள் பின்னால் எனக்கு டிக்கெட் போட்டார்கள்.

இடையில் ஒரு நாள், அடைத்து வைத்திருந்த இடத்தில், அக்காளோடு பேசச் சுவர் போனைக் கொடுத்தார்கள். என்னிடமிருந்து அவளுக்கு இறந்த செய்தி மட்டும்தான் போயிருந்தது. எப்படி என்று நான் சொல்லியிருக்கவில்லை. வாயு கசிந்தது, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அழுது ஓய்ந்த குரலில் பேசினாள்.

"மத்த வீட்டுக்காரங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்களாமே."

"ஆமாக்கா."

"கதவைத் தட்டினாங்களாம்ல?"

"தட்டினாங்க."

அப்புறம் அவளாகவே, எனக்கு ஒரு வழி விடுவதுபோல, "அவருக்குக் காது கேட்டிருக்காதுடா. அந்தப் பக்கம் வச்சுப் படுத்தா இடி விழுந்தாலும் கேக்காது. நான் முப்பது வருஷமா பாக்குறேன்ல" என்றாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கும் போதும், எனக்கும் போதும். போனின் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் பேசக் காத்திருந்தார்கள்.

"கேட்டுச்சுக்கா" என்றேன். "ஷூ போட்டு, கயிறு கட்டி, ஸ்வெட்டர் போட்டுக் கிளம்பி உக்காந்திருந்தாரு. கதவுல காதை வச்சுக்கிட்டு."

"அப்ப ஏன் திறக்கல?"

"நான் தட்டினாத்தான் திறக்கணும்னு எழுதி ஒட்டியிருந்தேன்."

அங்கே யாரோ பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"நீ தட்டியிருந்தா திறந்திருப்பாரு" என்றாள்.

"ஆமாக்கா."

"நீ எங்கடா இருந்த அப்ப?"

"ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்" என்றேன்.